கோப்பிடம் அளவு கேட்காதீர்கள்

சி மொழி ஒரு செமஸ்டர் படித்த யாரையாவது பிடித்து, "ஒரு கோப்பை முழுசாக மெமரியில் ஏற்ற நிரல் எழுது" என்று சொல்லிப் பாருங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதே ஆறேழு வரி வரும். எஃப்ஓபன் போட்டுத் திற. எஃப்சீக் போட்டுக் கோப்பின் கடைசிக்கு ஓடு. எஃப்டெல் போட்டு எங்கே நிற்கிறோம் என்று கேள், அதுதான் அளவு. அந்த அளவோடு ஒன்று கூட்டி மாலாக்கில் இடம் வாங்கு. திரும்ப ஆரம்பத்துக்கு வா. எஃப்ரீட்டில் ஒரே மூச்சாகப் படி. கடைசியில் ஒரு நல் எழுத்தை வை. முடிந்தது. ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது.

இந்த நிரல் தப்பு. ஏதோ ஓரத்தில் ஒரு செமிகோலன் விட்டுப்போன தப்பு அல்ல. அடிப்படையிலேயே கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்கிற தப்பு. கோப்பிடம் போய் "நீ எவ்வளவு பெரியவன்?" என்று முதலில் கேட்பது, அது சொல்லும் பதிலை அப்படியே நம்புவது, அந்த நம்பிக்கையின் மேல் மெமரி ஒதுக்குவது. இதைப் பாடமாக நடத்துவதும், கீ ஆன்ஸராக வைத்து மார்க் போடுவதும் பொறுப்பில்லாத வேலை என்பதுதான் என் கட்சி.

"ஏம்ப்பா, எனக்கு ஓடுதே?" என்பீர்கள். ஓடும். டெஸ்க்டாப்பில் நீங்களே நோட்பேடில் அடித்துச் சேமித்த நாலு வரிக் கோப்புக்கு எதுவும் ஓடும். கொஞ்சம் வெளியே வாருங்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சி மொழிக்குத் தரநிலை ஆவணம் ஒன்று இருக்கிறது. 1989-இல் முதலில் வந்தது, பிறகு 1999, 2011 என்று புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். பைனரியாகத் திறந்த கோப்பில் "கடைசிக்கு ஓடு" என்கிற எஃப்சீக் அர்த்தமுள்ள விதத்தில் வேலை செய்தாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை என்று அதில் இருக்கிறது. சரி, டெக்ஸ்டாகத் திறக்கலாம் என்றால், அங்கே எஃப்டெல் தருகிற எண் திரும்ப அதே இடத்துக்குப் போவதற்கான ஒரு அடையாளம் மட்டுமே, எழுத்துகளின் எண்ணிக்கையாக இருக்க வேண்டியதில்லை என்றும் இருக்கிறது. ஆக, இரண்டு கதவும் சாத்தியிருக்கிறது. நாம் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துவிட்டு "வீட்டுக்குள் வந்துவிட்டேன் பார்" என்கிறோம்.

ஏட்டுச் சட்டம் எதற்கு என்பவர்களுக்கு நடைமுறையிலிருந்தே சொல்கிறேன். விண்டோஸில் டெக்ஸ்டாகத் திறந்தால் ஒவ்வொரு வரி முடிவிலும் வட்டில் இரண்டு பைட் இருக்கும். படிக்கும்போது அது ஒன்றாகிவிடும். நூறு வரிக் கோப்பில் எஃப்டெல் சொன்னதைவிட நூறு பைட் குறைவாகத்தான் எஃப்ரீட் தரும். ஆனால் நம் நிரல் எஃப்ரீட் என்ன திருப்பித் தந்தது என்று பார்ப்பதே இல்லை! எஃப்டெல் சொன்ன இடத்தில்தான் நல் எழுத்தை வைக்கிறது. நடுவில் அந்த நூறு பைட்டில் மாலாக் தந்த பழைய குப்பை அப்படியே கிடக்கும். அவுட்புட்டின் வாலில் விசித்திரமான எழுத்துகள் வருவதை ஆய்வகத்தில் பார்க்காதவர் உண்டா? அதற்குச் சொல்லப்படும் வைத்தியம் இன்னும் அழகு: "மாலாக்குக்குப் பதில் காலாக் போடு, சரியாகிடும்." காலாக் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கித் தருவதால் குப்பை கண்ணுக்குத் தெரியாது. ஜுரத்துக்கு மருந்து கேட்டால் தெர்மாமீட்டரை உடைத்துப் போடுகிற வைத்தியம்.

அடுத்தது லினக்ஸ். ப்ராக் என்ற அடைவில் சிபியுஇன்ஃபோ என்று ஒரு கோப்பு உண்டு. கணினியின் பிராசஸர் பற்றிய விவரமெல்லாம் அதில் பக்கம் பக்கமாக வரும். அதனிடம் அளவு கேட்டால் பூஜ்யம் என்று சொல்லும். பொய் சொல்லவில்லை; நீங்கள் படிக்கிற நேரத்தில்தான் கெர்னல் அதை எழுதித் தருகிறது, அதற்கு முன் அது எங்கேயும் இல்லை. நம் ஏழு வரி நிரல் ஒரு பைட் வாங்கி, பூஜ்யம் பைட் படித்து, வெற்றுச் சரத்தைத் தந்துவிட்டு, எந்தத் தவறும் நடக்காதது போல முடிந்துவிடும். அதே கோப்பைக் கேட் கட்டளை முழுசாகக் காட்டுகிறது. எப்படி? கேட் அளவைக் கேட்டுவிட்டுப் படிப்பதில்லை. படிக்கிறது, தீரும்வரை படிக்கிறது.

பைப் வழியாக வரும் தரவு இதைவிட மோசம். ஒரு நிரலின் அவுட்புட்டை இன்னொன்றின் இன்புட்டாகக் கொடுக்கிறோம் அல்லவா, அங்கே "கடைசி" என்று ஓர் இடமே கிடையாது. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எஃப்சீக் தோற்கும், நாம் பார்க்க மாட்டோம். எஃப்டெல் தோற்று மைனஸ் ஒன்றைத் தரும், அதையும் பார்க்க மாட்டோம். இப்போது கணக்கைப் போடுங்கள். நல் எழுத்துக்காக ஒன்று கூட்டுகிறோம் இல்லையா? மைனஸ் ஒன்றோடு ஒன்றைக் கூட்டினால் பூஜ்யம். மாலாக்கிடம் பூஜ்யம் பைட் கேட்கிறோம். பல கணினிகளில் அது தோற்காமல் ஏதோ ஒரு முகவரியைத் தந்துவிடும். அடுத்து எஃப்ரீட்டிடம் மைனஸ் ஒன்று பைட் படிக்கச் சொல்கிறோம். எஃப்ரீட்டுக்கு மைனஸ் தெரியாது. 64 பிட் கணினியில் அது ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் கோடி கோடிக்கும் மேலான ஒரு எண்ணாக மாறும். அதாவது, பூஜ்யம் பைட் இடத்தில் உலகத்தையே கொட்டு என்று உத்தரவு. கடைசியில் நல் எழுத்தை வைக்கும் இடம் எது? நமக்கு ஒதுக்கிய இடத்துக்கு ஒரு பைட் முன்னால். பக்கத்து வீட்டுச் சுவரில் ஆணி. இதற்கப்புறம் என்ன நடக்கும் என்று தரநிலை எந்த உத்தரவாதமும் தருவதில்லை. நிரல் செத்து விழுந்தால் நம் அதிர்ஷ்டம். விழாமல் சிரித்துக்கொண்டே நடந்து போனால்தான் ஆபத்து.

பெரிய கோப்புகளையும் விட்டுவைக்க வேண்டாம். எஃப்டெல் தருவது லாங் வகை எண். விண்டோஸில், 64 பிட் விண்டோஸிலும்கூட, லாங் என்பது 32 பிட்தான். 2,147,483,647-க்கு மேல் எண்ணத் தெரியாது. இரண்டு ஜிபி தாண்டிய கோப்பெல்லாம் இன்று ஒரு சினிமாவின் அளவு. நம் ஆய்வகங்களின் குலதெய்வமான டர்போ சி-யில் நிலைமை இன்னும் பரிதாபம். அந்த 16 பிட் உலகத்தில் மாலாக் வாங்கிக்கொள்ளும் எண் 65,535-ஐத் தாண்டாது. 70,000 பைட் கோப்பு ஒன்றைக் கொடுத்தால் எஃப்டெல் சரியாகவே 70,000 என்று சொல்லும். ஆனால் மாலாக்குக்குப் போய்ச் சேரும்போது அது 4,464 ஆகிவிடும். 70,000-இலிருந்து 65,536-ஐக் கழித்துப் பாருங்கள். எஃப்ரீட்டும் அதே 4,464-ஐத்தான் படிக்கும். கோப்பில் பதினாறில் ஒரு பங்கு மட்டும் வரும், மீதி எங்கே என்று கேட்க நாதியில்லை. 1990-களின் ஆரம்பத்தில் வந்த அந்த நீலத் திரையை டாஸ்பாக்ஸுக்குள் உட்கார வைத்து இன்றைக்கும் எங்கள் ஆய்வகத்தில் சி கற்றுத்தருகிறார்கள். 32 பிட், 64 பிட் என்று வாயால் படித்துவிட்டுக் கையால் 16 பிட்டில் எழுதுகிற கூத்து.

அளவு கேட்கும் வழி வேண்டாம் என்று சொன்னவுடன் இன்னொரு கோஷ்டி எழுந்து நிற்கும்: "அதனால்தான் நான் மாலாக்கே போடுவதில்லை, ஆயிரம் எழுத்துக்கு ஒரு அரே போட்டுவிடுவேன்." இவர்களுக்கு 1988 நவம்பர் 2-ஆம் தேதியை ஞாபகப்படுத்த வேண்டும். மோரிஸ் புழு இணையத்தில் பரவிய நாள். அது நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் என்ற சேவையில் 512 பைட்டுக்குப் போட்டிருந்த ஒரு நிலையான அரே. கெட்ஸ் ஃபங்ஷன் அதில் அளவு பார்க்காமல் எழுதும். புழு 536 பைட் அனுப்பியது. அவ்வளவுதான் வித்தியாசம், 24 பைட். கெட்ஸைத் தரநிலையிலிருந்தே தூக்க 2011 வரை ஆனது. நம் ஊர் மாடல் கொஸ்டின் பேப்பர்களிலிருந்து தூக்க இன்னும் ஆகவில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த நிலையான அரே தனியாக வைக்கும் ஆப்பு ஒன்று இருக்கிறது. "ஒரு வரி எண்பது எழுத்துக்கு மேல் போகாது" என்று எண்பது பைட் அரே போடுகிறோம். ஆங்கிலத்துக்கு எண்பது எழுத்து எண்பது பைட். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். உயிர்மெய்யில் மெய்க்கு மூன்று, மேலே ஒட்டும் குறிக்கு மூன்று. "தமிழ்" என்று மூன்று எழுத்தாக நாம் நினைப்பது அங்கே 15 பைட். எண்பது பைட் அரேயில் எஃப்கெட்ஸ் 79 பைட் படிக்கும். தமிழ் மட்டுமே உள்ள வரியென்றால் 26 குறியும், இருபத்தேழாவதின் மூன்றில் ஒரு துண்டும். எழுத்தை நடுவில் வெட்டித் திரையில் போட்டால் கேள்விக்குறி வராமல் என்ன வரும்? பிறகு "சி மொழியில் தமிழ் சரியாக வராது" என்று ஒரு தீர்ப்பு வேறு. மொழி மேல் பழி போடுவதற்கு முன் அரேயைப் பாருங்கள் சாமி.

எழுத்து எழுத்தாகப் படிக்கிறவர்கள் தப்பித்தார்களா? இல்லை. எஃப்கெட்சி தருவது இன்ட். அதைச் சார் வகை மாறியில் வாங்கிப் போட்டுவிட்டு, ஈஓஎஃப்தானா என்று ஒப்பிடுகிறார்கள். இன்டெல் கணினிகளில் பொதுவாகச் சாருக்கு மைனஸ் உண்டு. அங்கே 255 என்ற பைட்டும் கோப்பு முடிந்தது என்ற அறிவிப்பும் ஒன்றாகிவிடும். பழைய விண்டோஸ் நோட்பேடில் தமிழ் அடித்து "யூனிகோட்" என்று தேர்ந்தெடுத்துச் சேமித்த கோப்பு வைத்திருக்கிறீர்களா? அதன் முதல் பைட்டே 255. உங்கள் தமிழ்க் கட்டுரை முழுவதும் காலிக் கோப்பாகத் தெரியும். ஏஆர்எம் லினக்ஸில் சாருக்கு மைனஸ் இல்லை, அங்கே ஈஓஎஃப் வரவே வராது, லூப் சுற்றிக்கொண்டே இருக்கும். "எஃப்இஓஎஃப் வராதவரை சுற்று" என்று லூப் எழுதும் மரபைப் பற்றித் தனியாகவே திட்ட வேண்டும். ஒருமுறை படித்துத் தோற்ற பிறகுதான் எஃப்இஓஎஃப் உண்மை பேசும். கடைசி வரி இரண்டு முறை அச்சாவதற்குக் காரணம் அதுதான், உங்கள் பிரிண்டர் அல்ல :-)

சரி, திட்டிக்கொண்டே இருந்தால் போதுமா, எப்படித்தான் எழுதுவது?

கல்யாண வீட்டுச் சமையல்காரர் என்ன செய்கிறார்? பெண் வீட்டார் முந்நூறு பேர் என்று சொல்வார்கள். அவர் தலையாட்டுவார். ஆனால் உலையை அந்த எண்ணை நம்பி ஒரேயடியாக வைக்க மாட்டார். பந்தி நகர நகர அரிசி களைந்துகொண்டே இருப்பார். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பது கடைசிப் பந்தி முடிந்த பிறகு தெரியும் விஷயம்.

அதேதான் இங்கும். 4,096 பைட் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு எண்கள் வேண்டும்: எவ்வளவு இடம் இருக்கிறது, எவ்வளவு நிரம்பியிருக்கிறது. மிச்சமுள்ள இடத்துக்கு மட்டும் எஃப்ரீட் கேளுங்கள், நல் எழுத்துக்கு எப்போதும் ஒரு பைட் விட்டுவைத்து. அது தந்த எண்ணை நிரம்பியதோடு கூட்டுங்கள். கேட்டதைவிடக் குறைவாகத் தந்தால் வெளியே வாருங்கள், ஆனால் வந்தவுடன் எஃப்எரர் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கோப்பு தீர்ந்து நின்றதா, பென்டிரைவைப் பிடுங்கியதால் நின்றதா என்பது இரண்டும் வேறு வேறு. இடம் நிரம்பிவிட்டால் ரீஅலாக்கில் இரட்டிப்பாக்குங்கள்.

ஏன் இரட்டிப்பு, கூட ஒரு நாலாயிரம் போதாதா? போதாது. ஒரு எம்பி கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 4,096-இலிருந்து இரட்டித்தால் எட்டே தாவலில் 10,48,576-க்கு வந்துவிடலாம். ஒவ்வொரு முறையும் ரீஅலாக் இடம் மாற்றிப் பழையதை நகலெடுத்தாலும் மொத்த நகல் ஒரு எம்பிக்கும் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு முறையும் 4,096 மட்டும் கூட்டினால் 255 தாவல். மோசமான நிலையில் நகலெடுப்பது 13 கோடி பைட்டுக்கும் மேல். வரி வரியாகப் படித்து ஸ்ட்ர்கேட்டில் ஒட்டுகிறவர்கள் நிலையும் இதே ரகம்தான், ஒவ்வொரு ஒட்டுக்கும் ஆரம்பத்திலிருந்து நடந்து போய் வாலைத் தேடுகிறது அது. இது பரீட்சைக் கணக்கு இல்லை. ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டு திறக்க ஆறு நிமிடம் வரை ஆகிறது என்று ஆட்கள் பல வருடம் புலம்பினார்கள். 2021-இல் வெளியாள் ஒருவர் குடைந்து பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்: பத்து எம்பி அளவுள்ள ஒரு பட்டியலை மெமரியில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒவ்வொரு துண்டை எடுக்கும்போதும் மொத்தச் சரத்தின் நீளத்தையும் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தது. அதையும், பக்கத்திலேயே இருந்த அதே மாதிரியான இன்னொரு தேடலையும் சரிசெய்ததும் காத்திருக்கும் நேரம் எழுபது சதவீதம் குறைந்தது. நிறுவனம் அவருக்குப் பத்தாயிரம் டாலர் கொடுத்தது.

ரீஅலாக் தந்ததை நேராகப் பழைய பாயிண்டரிலேயே வாங்காதீர்கள். தோற்றால் அது நல் தரும், பழைய இடமோ அப்படியே இருக்கும், ஆனால் அதன் முகவரியை நீங்களே அழித்துவிட்டிருப்பீர்கள். தற்காலிகமாக ஒரு பாயிண்டரில் வாங்கி, நல் இல்லையென்றால் மாற்றுங்கள். இரட்டிப்பதற்கு முன் எண் வழிந்து சுற்றிவிடாதா என்று ஒரு பார்வை. முடிந்ததும் சரத்தோடு நீளத்தையும் சேர்த்தே திருப்பித் தாருங்கள். கோப்பின் நடுவில் பூஜ்யம் பைட் இருந்தால் ஸ்ட்ர்லென் அங்கேயே நின்றுவிடும். கடைசியாக, இதுவரை போதும் என்று ஒரு உச்சவரம்பு வையுங்கள். லினக்ஸில் டெவ் அடைவிலுள்ள ஸீரோ என்ற கோப்பு தீரவே தீராது. வரம்பை நிர்ணயிக்க வேண்டியது உங்கள் நிரல், எதிரே இருக்கும் கோப்பு அல்ல.

கோப்பு சொல்லும் அளவு ஒன்றுக்குமே ஆகாதா என்றால், ஆகும். முதல் 4,096-க்குப் பதிலாக அந்த எண்ணில் ஆரம்பித்தால் சில தாவல்கள் மிச்சம். குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், வாக்குமூலமாக அல்ல. எதிர்த்தரப்பு சொன்ன நீளத்தை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் ஓட்டை போதும். "நான் இத்தனை பைட் அனுப்பியிருக்கிறேன், அதைத் திருப்பி அனுப்பு" என்று கேட்டவன் சொல்ல, ஓபன்எஸ்எஸ்எல் அதைச் சரிபார்க்காமல், வந்தது நாலு பைட்டே ஆனாலும், பக்கத்து மெமரியிலிருந்து 64 கேபி வரை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கோப்பு வேறு, நெட்வொர்க் வேறு என்பீர்கள். பழக்கம் ஒன்றுதான்.

"முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இவ்வளவு எதற்கு, குழப்பாதே" என்பது நான் அதிகம் கேட்ட பதில். இதில் என்ன குழப்பம்? ஒரு லூப், ஒரு ரீஅலாக், நாலு இஃப். முதல் வருஷத்தில் பாலிண்ட்ரோமும் பிரைம் நம்பரும் இதைவிடக் கடினமாகவே சொல்லித்தரப்படுகின்றன. என் வகுப்பில் ஒருவர் இன்டர்னல் தேர்வில் இந்த வளரும் முறையை எழுதினார். சிலபஸில் இல்லை என்று சிவப்பு மையில் ஒரு வட்டம், பத்துக்கு நாலு. எஃப்சீக் எழுதி, திறந்த கோப்பு கிடைத்ததா என்றுகூடப் பார்க்காதவருக்கு ஒன்பது. அறுபது பேர் விடைத்தாளை ஒரு ராத்திரியில் திருத்துகிற ஆசிரியரின் கஷ்டம் புரிகிறது. அந்த ஒன்பது மார்க் எழுதியவர் நாளைக்கு ஏதாவது ஒரு வங்கியின் சர்வரில் இதே ஏழு வரியை ஒட்டுவார் என்பதும் புரிகிறது.

இதை நம்ப வேண்டாம், நாளை லேபில் டாஸ்பாக்ஸை மூடிவிட்டு லினக்ஸில் உட்காருங்கள். உங்கள் ரெக்கார்டு நிரலை எடுத்து அந்த சிபியுஇன்ஃபோ கோப்பைக் கொடுங்கள். அப்புறம் ஒரு பைப்பைக் கொடுங்கள். அப்புறம் கோப்பின் பெயருக்குப் பதில் ஒரு அடைவின் பெயரைக் கொடுங்கள். லினக்ஸில் எஃப்ஓபன் அதையும் படிப்பதற்கென்று திறந்துவிடும், சில கோப்பு முறைமைகளில் எஃப்டெல் சொல்லும் அளவைப் பார்த்தால் மயக்கமே வரும். வந்த அவுட்புட்டை பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வாங்கிய அதே பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டி, வைவாவுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.